கம்பியை எடுத்தா வர்ற கோடு

ஏனுங்க, நீங்க திருச்சி வரைக்கும் போறீங்களா? அப்பச் சரி. வாய்க்கால்மேடு ஸ்டாப் வந்தா ஒரு குரல் குடுங்க. குளித்தலை தாண்டி வரும்னு சொன்னாங்க. நான் கோயமுத்தூருங்க, இந்தப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கேன், அதுவும் கம்பெனி கார்ல. ரெண்டு மணிக்குள்ள நான் அங்க இருந்தாகணும். ரெண்டுன்னா ரெண்டு. ஒரு மனுசனோட பொழப்பு அதுல இருக்குது.

வேண்டாமுங்க, பெட்டி மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா தூக்கிப் போட்டுரும். இதைப் பாத்தா டிபன் கேரியர் மாதிரி இருக்கும், உள்ள அஞ்சு வருச உழைப்பு. நானே டிசைன் பண்ணதுங்க. என் பேரு தண்டபாணி. கோயமுத்தூர்ல கணபதி ஏரியாவுல ஒரு சின்னக் கம்பெனி, இருபத்திரெண்டு பேரு, அதுல எலக்ட்ரானிக்ஸ் பூரா என் தலையிலதான்.

என்ன பெட்டியா? வயித்துல ஸ்கேன் எடுக்கறாங்கல்ல, அதே மாதிரி இது இரும்புக்கு ஸ்கேனுங்க. ரெண்டு இரும்புத் தகட்டை வெல்டிங் வெச்சு ஒட்டறாங்க. உள்ள ஓட்டை விட்டிருக்கா, கீறல் இருக்கான்னு வெளியில இருந்து தெரியாது. இந்தப் பெட்டி உள்ள ஒரு சத்தத்தை அனுப்பும், நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். கீறல் இருந்தா எதிரொலி திரும்பி வரும். ஸ்கிரீன்ல ஒரு கோடு எந்திரிச்சு நிக்கும். கோடு இருந்தா கீறல், கோடு இல்லைன்னா நல்ல வெல்டிங். அவ்வளவுதான்.

அந்த எதிரொலி ரொம்பப் பொடிசா வருமுங்க. அதைப் பெருசாக்கிக் காட்டறது ஆம்ப்ளிஃபையர். அது சும்மா பெருசாக்கினாப் பத்தாது, வேகமாவும் இருக்கணும். வேகமா இருந்தாத்தான் பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு எதிரொலியை ரெண்டாக் காட்டும். மந்தமா இருந்தா ரெண்டையும் ஒண்ணாப் பெசஞ்சு காட்டிரும். இதுலதானுங்க வினையே.

எப்படிச் சொல்றது... நீங்க லாட்ஜுல குளிக்கப் போறீங்க. வெந்நிக் குழாயைத் திருகறீங்க, பச்சைத்தண்ணி வருது. இன்னும் திருகறீங்க. வெந்நி மேல இருந்து வந்து சேர அரை நிமிசமாகும், அதுக்குள்ள நீங்க முழுசாத் திருகிட்டீங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்துது. ஐயய்யோன்னு மூடறீங்க. மறுபடியும் பச்சைத்தண்ணி. இப்படியே மாத்தி மாத்தி. ஆம்ப்ளிஃபையரும் அதேதான். தான் வெளிய அனுப்பறதுல கொஞ்சத்தைத் திருப்பி வாங்கி, சரியாப் பண்றோமான்னு தன்னையே திருத்திக்கும். திருப்பி வர்றது தாமதமா வந்துச்சுன்னா, திருத்தறேன்னு போயி தப்பாத் திருத்தும், ஆட ஆரம்பிச்சிரும். அது ஆடாம இருக்க ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் வைப்போம். குழாயை மெதுவாத் திருகற மாதிரி. காம்பன்சேஷன்னு சொல்லுவோம். பெருசா வெச்சா ஆடாது, ஆனா வேகம் போயிரும். சின்னதா வெச்சா வேகம் வரும், ஆனா ஆடிரும். இதுக்கு நடுவுல கயித்து மேல நடக்கறதுதான் என் தொழிலு. முப்பது வருசமா நடக்கறேன்.

பழைய மாடல்ல பன்னெண்டு பிகோ வெச்சிருந்தேன். பிகோன்னா கெப்பாசிட்டரோட அளவுங்க, ரொம்பச் சின்ன அளவு. அது பாட்டுக்கு ஓடுச்சு. போன வருசம் எங்க எம்.டி. குழந்தைவேலு கூப்புட்டு, “தண்டபாணி, எதிர்க் கம்பெனிக்காரன் பதினஞ்சு மெகாஹெர்ட்ஸ்னு நோட்டீஸ் அடிச்சிருக்கான். நாம இருபது அடிக்கணும்”னாரு. மெகாஹெர்ட்ஸ்னா வேகத்தோட கணக்குங்க. சரீன்னேன். பன்னெண்டை எடுத்துட்டு மூணு வெச்சேன். மூணே மூணு பிகோ! இருபது வந்துருச்சு. ஆட்டம்? துளி இல்லை. ஆபீஸ்ல லட்டு வாங்கிக் குடுத்தாங்க.

அப்பத்தான் அந்தப் புள்ள வந்துச்சு. கோகிலவாணி. டெஸ்டிங்ல இருக்குது, சேந்து ரெண்டு வருசம்கூட ஆகலை. “சார், பன்னெண்டையே வெச்சுக்கிட்டு அதோட ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேத்துப் போட்டா, பன்னெண்டால குறையற வேகத்துல பாதி திரும்ப வந்துரும். பதினேழு கிடைக்கும், ஆடவும் ஆடாது”ன்னுச்சு. படிச்ச புள்ள, தெரியாமச் சொல்லலை. ஆனா பதினேழுன்னு எவனாச்சும் நோட்டீஸ் அடிப்பானா? “போ கண்ணு, வேலையைப் பாரு”ன்னுட்டேன்.

என்னங்க? கண்டக்டரா? எனக்கு டிக்கெட் குடுத்துட்டாருங்க. இருங்க, இதுதான் முக்கியமான இடம்.

ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் வந்துச்சு. “சார், புது போர்டுல பெரிய எதிரொலிக்குப் பின்னாடி ஒரு குட்டிக் கோடு வருது சார். நல்ல இரும்புலயே வருது.” எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா நான் யாரு சொன்னாலும் காது குடுத்துக் கேக்கறவன். உடனே எந்திரிச்சுப் போனேன். ஆசிலாஸ்கோப் இருக்குதுல்லீங்க, சிக்னலைப் படமாக் காட்டற மிஷின், அதோட கம்பியை எடுத்து பெட்டிக்குள்ள இருக்கற போர்டுல மாட்டினேன். அலை கண்ணாடி மாதிரி நிக்குது. ஒரு ஆட்டம் இல்லை. “எங்க, காட்டு”ன்னேன். திரும்பிப் போயிருச்சு. ரெண்டாவது தடவையும் இதே கதை. வரும், சொல்லும், நான் போயிக் கம்பியை மாட்டுவேன், ஒண்ணும் இருக்காது. மூணாவது தடவை நேர்ல வராம மெயில் அனுப்புச்சு, பதினாலு வரி. பதினாலு வரியை எவன் படிப்பான்? எனக்குக் கண்ணால பாத்தாத்தானுங்க நம்பிக்கை.

அதுக்குள்ள ஆறு பெட்டி வித்துருச்சு. ஆறும் ஒரே எடத்துக்கு. அதுதான் இப்ப நான் போற எடம், வாய்க்கால்மேட்டுல பாய்லர் டிரம் செய்யற பட்டறை. பெரிய பட்டறைங்க, நூறு வெல்டர் இருப்பாங்க. அங்கதான் இருதயராஜ்.

இருபத்திநாலு வருசமா வெல்டிங் பண்றாரு. நல்ல கைன்னா அப்படி ஒரு கை. அதனால மொத்தத் தகடு, நல்ல தடிமனான தகடு வந்தா அவருகிட்ட மட்டும்தான் குடுப்பாங்க. மொத்தத் தகட்டைச் சோதிக்கணும்னா நம்ம பெட்டியில ஆம்ப்ளிஃபையரை முழு அளவுக்குக் கூட்டி வைக்கணும். நான் சொல்றது புரியுதுங்களா? மத்த வெல்டருங்க வேலைக்குப் பாதிதான் கூட்டுவாங்க. இவரோட வேலைக்கு மட்டும் முழுசு.

ஏப்ரல்ல ஒரு டிரம். இவரு போட்ட வெல்டிங். நம்ம பெட்டியை வெச்சுப் பாத்தா, வேர்ல, அதாவது வெல்டிங்கோட அடியில, ஒரு குட்டிக் கோடு. கீறல்னு எழுதிட்டாங்க. கிரைண்டர் வெச்சு வெல்டிங் பூராத்தையும் அவரே தோண்டி எடுத்து, மறுபடியும் போட்டாரு. மறுபடியும் அதே எடத்துல கோடு. திரும்பத் தோண்டி எடுத்து, மூணாந்தடவை போட்டாரு. அப்பவும் அதே கோடு. அதுக்கு மேல திருப்பிப் போட அங்க விதி கிடையாது. டிரம் காயலான் கடைக்குப் போயிரும், வெல்டரோட சர்ட்டிபிகேட்டை நிறுத்தி வெச்சு விசாரிப்பாங்க.

அந்த மனுசன் “படம் எடுங்க, படம் எடுங்க”ன்னு கத்தியிருக்காரு. எக்ஸ்ரே படமுங்க. எடுத்தாங்க. படத்துல ஒண்ணுமே இல்லை. அப்ப பட்டறைக்காரங்க எங்களுக்குப் போன் பண்ணி, எது சரீன்னு கேட்டாங்க. யாரு பதில் சொன்னது? நான்தான். “படத்துக்குத் தப்பற கீறலும் நம்ம பெட்டிக்குத் தப்பாது”ன்னேன். அது உண்மைதானுங்க, பெட்டி ஒழுங்கா இருந்தா.

வெயில் படுதுங்களா? ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க, உக்காருங்க. ஜன்னல் ஸ்கிரீனை இழுத்து விட்டுக்கலாம். அட, நான் இழுத்து விடறேன் இருங்க. இப்பத்தான் கதை சூடு பிடிக்குது.

மே மாசம் என்னை நேர்ல வரச் சொன்னாங்க. கார்ல போனேன். பட்டறைக்குள்ள நிக்க முடியலை, தகரக் கூரை, அனலாக் கொதிக்குது. டிரம் மேல ஒருத்தரு பெட்டியோட உணர்தலையை, அந்தச் சத்தத்தை அனுப்பற முனையை, அழுத்திப் புடிச்சுக்கிட்டு இருக்காரு. இருதயராஜ் பின்னாடி நிக்கறாரு. ஒல்லியான ஆளு, கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. மூக்குல புத்தம் புதுக் கண்ணாடி. விலை ஒட்டின ஸ்டிக்கர்கூட ஓரத்துல கிழியாம இருக்குது. “கண்ணு போயிருச்சோன்னு சந்தேகம் வந்துருச்சு சார். அதான் டாக்டர்கிட்டப் போயி மாட்டிக்கிட்டேன்”னு சொன்னாரு. அப்ப எனக்கு அது பெருசாப் படலை. வயசாச்சுன்னா கண்ணாடி போடறதுதானேன்னு இருந்துட்டேன்.

பெட்டி மூடியைக் கழட்டினேன். ஆசிலாஸ்கோப்பைக் கையோட கொண்டு போயிருந்தேன். கம்பியை போர்டுல மாட்டி, அலையைப் பாத்தேன். சுத்தம். அஞ்சு நிமிசம் பாத்தேன். சுத்தமோ சுத்தம். அப்ப இருதயராஜ் பின்னாடி இருந்து, “சார், ஒரு நிமிசம்”ங்கறாரு. என்னங்கன்னேன். “நீங்க அந்தக் கம்பியை மாட்டினதும் பெட்டில இருந்த கோடு போயிருச்சு சார். எடுத்துப் பாருங்க, மறுபடியும் வரும்.”

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். “கம்பி மாட்டறது என் போர்டுல. கீறல் இருக்கறது உங்க வெல்டிங்ல. இதுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?”னேன். “எனக்குத் தெரியாது சார். பாத்ததைச் சொல்றேன். ஒரே ஒரு தடவை எடுத்துட்டுத் திரும்பிப் பாருங்க சார்”னு கும்புடாத குறையாக் கேட்டாரு. நான் திரும்பலை. என் கண்ணு ஆசிலாஸ்கோப்புலதான் இருந்துச்சு. பெட்டியோட ஸ்கிரீன் என் முதுகுக்குப் பின்னாடி. கம்பியை எடுத்தேன், மூடியைப் போட்டேன், ‘கருவியில் குறை ஏதுமில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மோர் குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்துட்டேன்.

மறுநாள்ல இருந்து அவரு கையில வெல்டிங் டார்ச் குடுக்கலை. கூட்டறது, இரும்பு தூக்கறது, மத்தவங்களுக்கு எடுத்துக் குடுக்கறது, அதான் வேலை. மத்தியானச் சோத்து நேரத்துல காயலான் தகட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, கெஞ்சி ஒரு டார்ச்சை வாங்கி, போட்டுப் போட்டுப் பாப்பாராம். கை நடுங்குதான்னு பாக்கறதுக்கு.

போன வியாழக்கிழமை. கோகிலவாணி என் ரூமுக்கு வந்துச்சு. மூஞ்சி செவந்து கிடக்குது. “சார், இன்னைக்கு நீங்க கம்பியைத் தொடக்கூடாது. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வந்து நில்லுங்க. ஒண்ணும் பேசாதீங்க. பாக்கறது மட்டும்”னுச்சு. என்னைப் பாத்துங்க! என் மக வயசுப் புள்ள. சரி, என்னதான் பண்ணுதுன்னு பாக்கலாம்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். மூடி போட்ட பெட்டி. நல்ல இரும்புக் கட்டை, ஒரு கீறல் கிடையாது. உணர்தலையை வெச்சு, முழுசாக் கூட்டுச்சு. பெரிய கோடு வந்துச்சு. அதுக்குப் பின்னாடி ஒரு குட்டிக் கோடு.

அப்புறம் மூடியைக் கழட்டி, கம்பியை மாட்டுச்சு. குட்டிக் கோடு போயிருச்சு. எடுத்துச்சு. வந்துருச்சு. மாட்டுச்சு, போயிருச்சு. எடுத்துச்சு, வந்துருச்சு.

கம்பிக்குன்னு ஒரு கெப்பாசிட்டன்ஸ் இருக்குதுங்க, கம்பியே ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் மாதிரி, பத்துப் பன்னெண்டு பிகோ. முதல் வருசப் பையனுக்குத் தெரியும். நான் மாட்டின எடம் எது? அந்த மூணு பிகோ இருக்கற அதே முனை. நான் பாக்கறேன்னு கம்பியை மாட்டும்போதெல்லாம், நானே குறைஞ்ச கெப்பாசிட்டரைக் கொண்டு போயிக் குடுத்திருக்கேன். நான் பாக்கற வரைக்கும் அது ஆடாது. கையை எடுத்தா ஆடும். முழுசாக் கூட்டும்போது அந்த ஆட்டம்தான் ஒரு குட்டிக் கோடா வந்து நிக்குது. ஆறு பெட்டியையும் டெஸ்ட் பண்ணது கம்பியை மாட்டி வெச்சு. அந்த மனுசன் போட்டது மூணு தடவையும் நல்ல வெல்டிங். கீறல் என் போர்டுல இருந்துருக்குது.

கையைப் புடிக்கறீங்க. பாருங்க, உங்களுக்கே மனசு தாங்கலை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூணு நாளாச் சோறு எறங்கலைங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன். இப்படிச் செஞ்சு காட்டறதை அந்தப் புள்ள முதல்லயே செஞ்சிருக்கலாமில்ல? “கோடு வருது, கோடு வருது”ன்னா எனக்கு என்ன தெரியும்? அந்த இருதயராஜும் அப்படித்தான். கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நான் திரும்பிப் பாத்திருப்பேன். யாரும் எனக்கு ஒழுங்காச் சொல்லலை. அதுதானுங்க என் வருத்தமே. சொன்னாக் கேக்காத ஆளா நான்?

எம்.டி. கிட்டப் போனேன். “சத்தமில்லாம போர்டை மாத்திக் குடுத்துரலாம். புது மாடல்னு சொல்லிக்கலாம். எழுத்துல ஒண்ணும் குடுக்காதே”ங்கறாரு. அப்ப இருதயராஜுன்னேன். “அது அவங்க பட்டறைப் பிரச்சினை”ன்னாரு. அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை. காலையில எந்திரிச்சு, பன்னெண்டு பிகோவும் ரெசிஸ்டரும் வெச்சு ஒரு போர்டு பண்ணினேன். ஆமாங்க, அந்தப் புள்ள சொன்னதேதான். பதினேழு வந்துச்சு. கம்பி மாட்டினாலும் சரி, எடுத்தாலும் சரி, ஆடலை. இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு போர்டும் இருக்குது. பழசும் புதுசும்.

இன்னைக்கு அங்க விசாரணை. வெளியில இருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. இருதயராஜோட சர்ட்டிபிகேட்டை ரத்துப் பண்றதா வேண்டாமான்னு அவருதான் எழுதணும். ரத்தாயிருச்சுன்னா அப்புறம் அவரை எந்தப் பட்டறையும் வெல்டரா எடுக்காது. கோகிலவாணி நேத்து இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லியிருக்குது. அதுக்கு இன்ஸ்பெக்டர், “குறை ஏதுமில்லைன்னு உங்க சீனியர் கையெழுத்துப் போட்ட பேப்பர் என் கையில இருக்கும்மா. போன்ல சொல்றதை வெச்சு நான் எழுத முடியாது. அவரே ரெண்டு மணிக்குள்ள வந்து, செஞ்சு காட்டி, அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கட்டும். ரெண்டுக்கு மேல நான் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிருவேன்”னுட்டாரு. எம்.டி.க்குத் தெரியாது நான் வந்திருக்கறது. தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிருவாரு. கிழிக்கட்டுமுங்க. அந்த ஸ்டிக்கர் ஒட்டின கண்ணாடி என் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

போனதும் முதல்ல அவரு கையைப் புடிச்சுக்கணும். “இருதயராஜ், உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது. கண்ணு போனது எனக்கு”ன்னு சொல்லணும். அதை எப்படிச் சொல்றதுன்னு கோயமுத்தூர்ல இருந்து மனசுக்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வர்றேன். இப்ப மணி என்ன? ஒண்ணு முப்பத்தி அஞ்சு. வந்துரும், வந்துரும். அது என்னங்க பாலம்? கார்ல வந்தப்ப இந்தப் பாலத்தைத் தாண்டின ஞாபகமே இல்லையே.

என்னது?

போயிருச்சா? எப்ப? கால் மணி நேரமாச்சா!

ஏனுங்க, இதுக்குத்தானே உங்ககிட்ட ஏறினதும் சொல்லி வெச்சேன்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு...

சொன்னீங்களா?

கண்டக்டர்கிட்ட முன்கூட்டியே சொன்னாத்தான் அங்க நிறுத்துவாங்கன்னு, குளித்தலையிலயே... ஆமா, கண்டக்டர்னு ஏதோ சொன்னீங்க. அப்புறம் எந்திரிச்சீங்களே, அது வெயிலுக்கு இல்லையா? எனக்கு ஸ்டாப்பைக் காட்டறதுக்கா? கையைப் புடிச்சு இழுத்தீங்களே. நான் என்னமோ என் கதையைக் கேட்டு...

மூணு தடவை.

ஐயோ, கண்டக்டர் சார்! நிறுத்தச் சொல்லுங்க! எறங்கணும்! இல்லைங்க, இங்கயே, எங்கயாவது, நடு ரோட்டுல நிறுத்தினாலும் சரி. பெட்டியைக் கொஞ்சம் புடிங்க. வேண்டாம், நானே வெச்சுக்கறேன். இருபத்தஞ்சு நிமிசம் இருக்குது. அங்க அவரு வாசலையே பாத்துக்கிட்டு நின்னுட்டு இருப்பாரு. கோகிலவாணி சொல்லியிருக்கும், சார் வந்துருவாருன்னு. எந்தப் பக்கம் போகணும்? ஆட்டோ கிடைக்குமா, எதுத்தாப்புல பஸ் வருமா, குறுக்கு வழி ஏதாவது இருக்குதா, நான் ஓடினேன்னா...

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க. பெட்டியை இப்படி அக்குள்ல வெச்சுக்கறேன்.

சொல்லுங்க. நான் வாயைத் திறக்கலை.